பின்னட்டையில் ஒட்டிய வசனம்

அத்தியாயம் பதினேழு

பதினோரு டாலர்.

முதல் பக்கத்தின் மூலையில் பென்சிலால் எழுதியிருந்தது. ஜெபினா அந்த விலையைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் ஓரத்தில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த மஞ்சள் காகிதத் துண்டுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சபைக் காலண்டரைக் கத்தரித்து, பசை தடவி, அத்தியாயத்துக்கு ஒன்றாக ஒட்டிய அடையாளத் துண்டுகள். ஒட்டியது அவளேதான்!

போன வாரம் இவளைப் பழைய புத்தகக் கடைக்குள் அனுப்பிவிட்டு, வெளியே காரில் அவள் புருஷன் பெனிஷை வேர்க்க விட்டுவிட்டு வந்தோம். ஹூஸ்டன் ஜூலை வெயில், வேர்க்கட்டும். அதற்குள் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

ஜெபினா நாகர்கோவில் பெண். சிவில் இன்ஜினியர். கல்யாணமாகி ஹூஸ்டன் பக்கத்துச் சுகர் லேண்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் ஒரு பாலத்துக்கோ கட்டிடத்துக்கோ கையெழுத்துப் போட வேண்டுமென்றால் லைசன்ஸ் வேண்டும். அதற்கு எட்டு மணி நேரப் பரீட்சை. புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். அதனால் ஆளாளுக்குச் சக்கரம் வைத்த சூட்கேஸில் புத்தகங்களை அடுக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். நல்ல புத்தகமும், எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறதென்ற அடையாளமும் இருக்கிறவர்களுக்குப் பாதிப் பரீட்சை முடிந்த மாதிரி.

புதுசு வாங்கக் கட்டுப்படியாகாது. ஜெபினா மூன்று வருஷம் தேடித் தேடிப் பழையது வாங்கினாள். பரீட்சைக்கு முந்தின மாதம் கடைப்பக்கமே போக மாட்டாள், விலை ஏறிக் கிடக்கும். ரிசல்ட் வந்த மறு வாரம் போவாள். பாஸானவர்கள் கொண்டுவந்து கொட்டுவார்கள். அதற்காக அடிமாட்டு விலைக்குக் கேட்கவும் மாட்டாள். வீட்டு வாசலில் பழசை விற்கும் ஒரு கராஜ் சேலில், கணவரை இழந்த ஒரு வெள்ளைக்கார அம்மா ஐந்து டாலர் சொன்ன புத்தகத்துக்கு, இதன் விலை இதில்லை என்று இருபது கொடுத்துவிட்டு வந்தவள். இப்படிப் பதினொன்று சேர்த்தாள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் தமிழும் இங்கிலீஷும் கலந்து நோட்ஸ் எழுதினாள்.

தொண்ணூற்றாறில் அப்பாவுக்கு பைபாஸ் என்று ஊருக்குப் போய், நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்தால், கராஜில் புத்தகப் பெட்டி இல்லை.

"மழைத் தண்ணி ஏறிட்டும்மா. எல்லாம் ஊறிக் கஞ்சியாப் போச்சு. பெனிஷும் ஊர்ல இல்லையா, நாந்தான் அள்ளிக் குப்பையில போட்டேன்," என்று சொன்னவர் பால்துரை. பெனிஷின் அக்கா புருஷன். நம்ம முறைப்படி ஜெபினாவுக்கு அண்ணன். அந்த அக்டோபரில் அவள் பரீட்சை எழுதவே இல்லை. இரண்டு முறை தோற்றிருந்த பால்துரை எழுதினார். பாஸ் பண்ணினார். சொந்தமாக ஆபீஸ் போட்டார். "வாம்மா, நம்ம வீட்டுப் பிள்ளை," என்று அவளையே கூப்பிட்டு டிராயிங் போடும் வேலை கொடுத்தார். ரெண்டரை வருஷமாகக் கணக்கெல்லாம் அவள் போடுகிறாள், முத்திரையை அவர் குத்துகிறார்.

அவ்வளவுதான் கதை. இனி கடைக்குள் வாருங்கள்.

ஜெபினா முதல் பக்கத்தைப் பார்த்தாள். அவள் பெயர் எழுதியிருந்த தாள் இல்லை. பிளேடு வைத்துச் சுத்தமாக அறுத்திருந்தது. உள்ளே புரட்டினாள். ஓரமெல்லாம் அவளுடைய பென்சில் எழுத்து. 'இங்கே யூனிட் மாறும், கவனம்', 'இந்த டேபிளை நம்பாதே'. அதற்கு மேலே சிவப்பு மையில் டிக் அடித்திருந்தது. வால் நீண்டு வலது பக்கம் சாய்ந்த டிக். தினமும் அவளுடைய டிராயிங் மேல் விழுகிற அதே டிக்.

பின்னட்டையைத் திறந்தாள்.

அங்கே ஒட்டியிருந்தது வசன அட்டை. புது வருஷ ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த வசனம் எடுப்போமே, அந்த அட்டை. அந்த வருஷத்து வசனத்தை, அப்போது படித்துக்கொண்டிருக்கிற புத்தகத்தில் ஒட்டி வைப்பது ஜெபினாவின் வழக்கம். கீழே அவள் கையெழுத்தில்: 'ஜெபினா பெனிஷ், 1.1.1995'.

பாருங்கள் கூத்தை! பெயர் எழுதின பக்கத்தை அறுக்க அந்த மனுஷனுக்குக் கை வந்திருக்கிறது. அடுத்தவள் புத்தகத்தை வைத்துப் பாஸ் பண்ண மனசு வந்திருக்கிறது. வசனத்தைக் கிழிக்க மட்டும் பயம். எங்கள் ஆட்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. களவு செய்யலாம், வசன அட்டையை மட்டும் குப்பையில் போடக் கூடாது, சாபம்!

கவுண்டரில் தாடிக்காரக் கிழவர் உட்கார்ந்திருந்தார். இதை யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை ஒரு ஆள், உங்கள் ஊர்க்காரர் போலிருந்தது, வீடு மாற்றுகிறோமென்று பெட்டியோடு இறக்கிவிட்டுப் போனார் என்றார் கிழவர். மொத்தம் பதினொன்று. ரிசல்ட் வாரமில்லையா, தோற்றவர்கள் தேடி வருவார்கள், மற்ற பத்தும் மூன்றே நாளில் போய்விட்டன. இது மட்டும்தான் தங்கிவிட்டது.

"ஏன்?"

எழுதியது அதிகம், அதுவும் புரியாத எழுத்து என்றார். புதுசு தொண்ணூறு. சுத்தமாக இருந்தால் நாற்பத்தைந்து போட்டிருப்பேன். இவ்வளவு கிறுக்கியிருப்பதால் பதினொன்று. நியாயமான விலைதான், வேண்டுமானால் இன்னும் ஒரு டாலர் குறைக்கிறேன் என்றார் பாவம்.

மூன்று வருஷம் ராத்திரி பகலாக எழுதின எழுத்துக்கு அவர் போட்டது தள்ளுபடி. ஜெபினாவுக்கு அழுகை வரவில்லை. வயிற்றிலிருந்து ஒரு சூடு ஏறிக் காதுமடல் வரைக்கும் வந்தது. தன் புத்தகத்துக்குத் தானே பதினோரு டாலர் எண்ணி வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

*

"கிடைச்சுதா?" என்றான் பெனிஷ்.

"கிடைச்சுது. நம்ம கராஜ்ல தண்ணியில ஊறிப் போச்சுன்னு உங்க அத்தான் சொன்னாங்கல்ல, அந்த புக்கு. ஒரு சொட்டு ஈரம் இல்ல பாருங்க."

காரை ஸ்டார்ட் பண்ணிய பெனிஷ் கியரைப் போடவில்லை. அவள் வசன அட்டையைக் காட்டினாள். சிவப்பு டிக்கைக் காட்டினாள். கிழவர் சொன்னதையும் சொன்னாள்.

"குடு, பாக்கறேன்," என்று கை நீட்டினான்.

"நீங்க டிரைவ் பண்ணுங்க."

ஃப்ரீவேயில் ஏறினார்கள். ஏசி முழு வேகத்தில் ஓடியும் பெனிஷ் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"ஜெபி, இன்னைக்கு வேணாம். அக்கா புது வீடு குடிபோற டெடிகேஷன். எவ்ளோ ஆசையா வீடு வாங்கியிருக்கா. பாஸ்டர், ஃபெல்லோஷிப் ஆளுங்க எல்லாம் வருவாங்க. நாளைக்கு நான் அத்தான்கிட்ட தனியா பேசறேன்."

"உங்களுக்கு இது முன்னாலயே தெரியுமாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் அப்ப மிட்லண்ட்ல ப்ராஜெக்ட்ல இருந்தேன்."

சொல்லிக்கொண்டே எக்சிட்டைத் தவறவிட்டான். அடுத்த எக்சிட்டில் இறங்கிச் சுற்றி வந்தார்கள். அக்கா வீட்டு விசேஷத்தில் சண்டை வந்துவிடுமோ என்று பயப்படுகிறார், பாவம் என்றுதான் ஜெபினா நினைத்தாள்.

அவள் பயம் வேறே. கைப்பையில் ஒரு ஃபார்ம் இருந்தது. லைசன்ஸ் பரீட்சைக்கு மறுபடியும் அப்ளை பண்ண, கூட வேலை பார்க்கும் லைசன்ஸ்காரர் ஒருவர் 'இவள் இத்தனை வருஷம் வேலை செய்தாள்' என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்த வேண்டும். அந்த ஒருவர் பால்துரைதான். அஞ்சு மாதமாக இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்கிறார். கவர் திங்கட்கிழமைக்குள் தபாலில் போகாவிட்டால் அக்டோபர் பரீட்சை போச்சு. போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டால் மனசு ஆறும், கையெழுத்து வராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் கையெழுத்து வரலாம், ஆனால் இந்தச் சூடு அவளைத் தின்றுவிடும்.

இரண்டும் வேண்டும் அவளுக்கு. ஒன்றுக்காக இன்னொன்றை விட அவள் தயாரில்லை.

*

ஏரியைப் பார்த்த வீடு. நாலு பெட்ரூம். வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. உள்ளே மட்டன் பிரியாணி வாசனையும் புதுக் கார்ப்பெட் வாசனையும் சேர்ந்து அடித்தது.

"வா மக்களே!" என்று கட்டிக்கொண்டாள் ஜோசபின் மைனி, பெனிஷின் அக்கா. "முந்திரிக்கொத்தா செஞ்சு கொண்டாந்திருக்க? உங்க அண்ணனுக்கு உயிராச்சே."

"அண்ணனுக்குத்தான் மைனி கொண்டாந்தேன்."

மைனி நல்லவள். அவளை நினைத்து ஜெபினாவுக்கு ஒரு நிமிஷம் மனசு கலங்கத்தான் செய்தது. அந்த நேரம் பார்த்துப் பால்துரை வந்தார். சில்க் ஜிப்பா. வாயெல்லாம் பல்.

"ஜெபினா, அந்தப் பள்ளிக்கூட டிராயிங் செவ்வாக்கிழமை ரெடியாயிடுமா?"

"ரெடியாயிடும் அண்ணே. என் ஃபார்ம்..."

"இன்னைக்குப் போயி அதைக் கொண்டு வந்திருக்கியே! பாப்போம்மா. அக்டோபர் இல்லாட்டி ஏப்ரல். பரீட்சை எங்க ஓடிடப் போகுது? உனக்கு இப்ப என்ன குறை? வீட்டு ஆபீஸ், வீட்டு வேலை மாதிரி..."

தோளில் தட்டிவிட்டுப் போனார். கலங்கின மனசு கல்லாகிவிட்டது. பாவம் பார்த்ததெல்லாம் போதும் என்று சொல்லிக்கொண்டு போய் முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. பாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "யாராவது சாட்சி சொல்ல விரும்பினா சொல்லலாம்," என்றார்.

ஜெப வீட்டுக்குப் போகாதவர்களுக்கு இது புரியாது. ஆண்டவர் எனக்கு இன்ன நன்மை செய்தார் என்று எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. ஒருத்தர் சாட்சி சொல்ல எழுந்துவிட்டால் இடையில் யாரும் நிறுத்த முடியாது. எவ்வளவு இழுத்தாலும் பாஸ்டர் இருமிக்காட்டலாம், அவ்வளவுதான்.

ஜெபினா எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கைப்பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, முன்னட்டை தெரிகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பால்துரையின் பார்வை மஞ்சள் துண்டுகளின் மேல் விழுந்தது. அவர் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்!" என்றது கூட்டம்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க அப்பா ஆபரேஷனுக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா, நான் பரீட்சைக்குச் சேத்து வெச்ச பதினோரு புக்கும் இல்ல. கராஜ்ல மழைத்தண்ணி ஏறி ஊறிப் போச்சுன்னு சொன்னாங்க. நான் ரொம்ப அழுதேன். ஆண்டவரே, என் புஸ்தகத்துல ஒண்ணையாவது திருப்பிக் குடும்னு ஜெபம் பண்ணினேன்."

"ஆமென்," என்றார் ஒரு ஆன்ட்டி உருக்கமாக.

"இன்னைக்குக் காலைல குடுத்துட்டாருங்க. ஒரு சொட்டுத் தண்ணி படாம!"

"அல்லேலூயா!"

பால்துரை டம்ளரைக் கீழே வைத்தார். ஜெபினா அவரையே பார்த்துச் சிரித்தாள்.

"இது எங்க இருந்துச்சு, யார் கையில இருந்துச்சுன்னு சொல்றேன். அதுதான் பெரிய அதிசயம். அதுக்கு முன்னாடி இன்னொரு நன்றியும் சொல்லிடணும். என் லைசன்ஸ் ஃபார்ம்ல பால்துரை அண்ணன் இன்னைக்கே சைன் போட்டுத் தரேன்னு மனசார நெனச்சிருக்காங்க. இல்லையாண்ணே?"

நாற்பது தலை அவர் பக்கம் திரும்பிற்று. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

"ஆ... ஆமா. கண்டிப்பா. போடறேன்மா."

"இப்பவே போட்டுடுங்கண்ணே. புது வீட்ல பாஸ்டர் முன்னாடி மொத கையெழுத்து. ஆசீர்வாதமா இருக்கும்."

"நல்ல காரியம்!" என்று பாஸ்டர் கை தட்டினார்.

"சீல் ஆபீஸ்ல இருக்கேம்மா..."

"எங்க ஆபீஸ்ல? மாடி ரூம்ல டெஸ்க் மேலதான இருக்கு. நாந்தானே தொடச்சு வெச்சேன்," என்று ஜோசபின் மைனி வெள்ளை மனசாக ஓடிப் போய் எடுத்து வந்தாள்.

பால்துரை கையெழுத்துப் போட்டார். பேனா இரண்டு இடத்தில் நின்றது. முத்திரையை வைத்து அழுத்தினார். ஜெபினா ஃபார்மை வாங்கி, லைசன்ஸ் நம்பர் சரியா, தேதி சரியா, முத்திரை தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடைய டிராயிங்கை அவர் பார்ப்பதை விடக் கவனமாகப் பார்த்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

பால்துரைக்கு மூச்சு வந்தது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

"அப்ப அடுத்த பாட்டுக்குப் போலாமா பாஸ்டர்?"

"சாட்சி இன்னும் முடியலண்ணே," என்றாள் ஜெபினா.

பின்வரிசையில் பெனிஷ் எழுந்து, "ஜெபி, நேரமாகுது," என்றான். அவள் திரும்பியே பார்க்கவில்லை.

"இந்த புக்கோட பின்னட்டைல ஒரு வசன அட்டை இருக்கு. என் பேரும் தேதியும் இருக்கு. இந்த ஒண்ண வெச்சுத்தான் கண்டுபிடிச்சேன். எல்லாரும் கையில வாங்கிப் பாருங்க. சவுத்வெஸ்ட் ஃப்ரீவே பக்கத்துல பழைய புக் கடையில, போன செவ்வாக்கிழமை யாரோ வீடு மாத்தறவங்க கொண்டாந்து வித்திருக்காங்க. அவங்கள ஆண்டவர் ஆசீர்வதிக்கட்டும்."

புத்தகம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஒவ்வொருத்தரும் பின்னட்டையைத் திறந்து, பெயரைப் படித்து, உச்சுக்கொட்டி, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். நஞ்சுண்டன் கைக்கு வந்ததும் நின்றது. அவர் கோயம்புத்தூர்க்காரர், எண்ணெய்க் கம்பெனியில் இன்ஜினியர், பால்துரையின் சிநேகிதர் என்ற முறையில் வந்திருந்தார். சாட்சியின் சட்டதிட்டமெல்லாம் அவருக்குத் தெரியாது.

"ஏனுங்க பால்துரை, இது உங்க புக்குதானுங்களே?" என்றார் பளிச்சென்று. "தொண்ணூத்தாறு அக்டோபர்ல எக்ஸாம் ஹால்ல எனக்குப் பக்கத்து டேபிள் நீங்க. இந்த மஞ்சக் காலண்டர் துண்டப் பாத்து, அட இது நல்ல ஐடியாவா இருக்குதேன்னு நான் கேக்கலீங்களா? நானே ஒட்டுனதுன்னு சொன்னீங்களே!"

அடுக்களையில் பிரியாணி அடுப்பின் சத்தம் மட்டும் கேட்டது.

ஜோசபின் மைனி புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு ஒவ்வொன்றாக ஓடிற்று. வாய்விட்டே சொன்னாள்.

"தண்ணில போச்சுன்னு சொன்னிய... செவ்வாக்கிழமை பழசெல்லாம் தூக்கிப் போடறேன்னு ஒரு பெட்டியக் கார்ல ஏத்தினிய... பின்ன அது யாருக்க புக்கு?"

பால்துரையின் சில்க் ஜிப்பா முதுகோடு ஒட்டிவிட்டது. ரெண்டரை வருஷம் அவள் கணக்குக்கு டிக் அடித்த கை, சோபா உறையைப் பிசைந்துகொண்டிருந்தது.

ஜெபினாவுக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இனித்தது. பொய் சொல்வானேன்? அவளே செய்த முந்திரிக்கொத்து அத்தனை இனிக்காது. மன்னிக்க வேண்டும் என்று அவளும் ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறவள்தான். இன்றைக்குச் சனிக்கிழமை.

"சாட்சியைக் கேட்ட எல்லாருக்கும் நன்றி," என்று உட்கார்ந்தாள்.

பாஸ்டர் பதறிப்போய், "ஜெபிப்போம், எல்லாரும் கண்ணை மூடி ஜெபிப்போம்," என்றார். நாற்பது பேரும் கண்ணை மூடினார்கள். இரண்டு பேர் மட்டும் மூடவில்லை. ஜெபினா பால்துரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புத்தகம் சுற்றி வந்து அவர் மடியில் கிடந்தது. அவர் குனிந்து, அவசரமில்லாமல், பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஏதோ ஒரு இடத்தில் நிறுத்தி, தாளின் மூலையை மடித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் வேறொரு தெளிவு வந்திருந்தது. அது ஜெபினாவுக்குப் பிடிக்கவில்லை.

ஆமென் சொன்னதும் எழுந்து வந்து புத்தகத்தை அவள் கையில் கொடுத்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"நான் எடுத்தேன், சரிதான். எடுத்ததுக்கு இன்னைக்கு வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஆனா பூட்டின கராஜை நான் எப்படித் திறந்தேன்னு நீ கேக்கவே இல்லியேம்மா. மூலை மடிச்சிருக்கேன். பாரு. உன் சாட்சி பாதிதான் முடிஞ்சிருக்கு."

*

சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். வெயில் இன்னும் சாயவில்லை. பெனிஷ் காரை எடுத்துவரப் போயிருந்தான். மைனி வாசல்வரை வந்து, ஜெபினாவின் கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

வீட்டு முன்னால் டிரைவ்வேயில் நின்றபடியே ஜெபினா மூலை மடித்த பக்கத்தைத் திறந்தாள். மண் பரிசோதனை அத்தியாயம். பாதிப் பக்கம் அவளுடைய பென்சில் நோட்ஸ். அதற்குக் கீழே காலியாக இருந்த இடத்தில் நீல மையில் நாலு வரி. ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் மளிகை லிஸ்டில் வாரா வாரம் அவள் பார்க்கிற எழுத்து.

'அத்தான், இந்தச் சாப்டருக்கு இவ நோட்ஸே போதும். வேற புக் வாங்கிக் காசை வீணாக்க வேண்டாம். பதினொண்ணையும் நீங்களே வெச்சுக்குங்க. அவகிட்ட நான் பாத்துக்கறேன். பெனிஷ். 5.9.96.'

செப்டம்பர் அஞ்சு.

அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போன நாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள் போனில் அழுதபோது, "அழாத ஜெபி, நான் இங்க முழங்கால்ல நின்னு உங்க அப்பாவுக்காக ஜெபம் பண்ணிட்டிருக்கேன்," என்று சொன்னானே, அதே நாள். மிட்லண்ட் போனது அதற்கப்புறம். முழங்காலை ஊன்றினவன் பேனாவையும் எடுத்திருக்கிறான்.

அவள் இரண்டாவது முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இனித்ததெல்லாம் கசந்தது. எதுக்காக? பொண்டாட்டி லைசன்ஸ் வாங்கினால் இவனுக்கு என்ன போச்சு? எட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டில் பங்குபோட்டுச் சாப்பிட்டு...

கார் வந்து நின்றது. ஏறினாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

தெரு திரும்பும் வரை பெனிஷ் அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான்.

"அத்தான் கடைசியா உங்கிட்ட என்னமோ சொன்னாரே, என்ன?"

"வாழ்த்து சொன்னாங்க."

அவன் தோள் தளர்ந்தது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டான். "விடு. சைன் வாங்கிட்டல்ல? அத்தானுக்கும் நல்லா சூடு வெச்சாச்சு. இனிமே இதெல்லாம் மறந்துடணும் ஜெபி. ஃபேமிலின்னா நாலும் இருக்கும்."

"ம்."

சிக்னலில் நின்றார்கள். ஜெபினா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அடுத்த சனிக்கிழமை நம்ம வீட்ல ஒரு ஜெபக்கூட்டம் வெச்சுக்கலாமா? பாஸ்டர், மைனி, நஞ்சுண்டன் சார், எல்லாரையும் கூப்பிடணும்."

"நம்ம வீட்லயா? எதுக்கு?"

"இன்னொரு சாட்சி பாக்கி இருக்கு," என்றாள். மடித்திருந்த அந்த மூலையை அவள் விரல் தடவிக்கொண்டிருந்தது.